முதல் குடம்

முன்னொரு காலத்தில், நாட்டைவிடத் தம் மத்தியானத் தூக்கத்தையே பெரிதாக நினைத்த ராஜா ஒருவர் இருந்தார். அரண்மனையை அடுத்து, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே இருந்த கிணற்றடியிலோ தினமும் சண்டை. மேலத்தெரு உழவர்களுக்கும், வடக்கே மழை பொய்த்து ஆடுகளோடு வந்து கீழத்தெருவில் குடியேறிய வேற்றுமொழிக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது.

"இரு தெருவுக்கும் நடுவே சுவர் எழுப்புங்கள்! ஒருவரும் அதைத் தாண்டக் கூடாது!" என்றார் ராஜா, கொட்டாவியோடு.

அரண்மனை விகடன் கொன்றையன்மேல் வயிறெரிந்துகொண்டிருந்த மந்திரி வச்சிரபாகு உடனே எழுந்தார். "பிரபு, அப்பணியைக் கொன்றையனிடமே ஒப்படையுங்கள். இரு தெருவாரும் மனமொத்துத் தங்கள் கையாலேயே கட்டட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் ஆட்டுக்காரர்களோடு இவனும் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

கொன்றையனுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. வாய் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஆனால் கைக்குழந்தைகளோடு அந்த ஆட்டுக்காரப் பெண்கள் எங்கே போவார்கள்?

மறுநாள் இரு தெருவாரையும் கிணற்றடிக்கு அழைத்தான். சுவர் வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை! மண் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே? ஆட்டுக்காரப் பெண் மாளவ்வா ஒரு குடம் இறைத்து, அப்படியே தரையில் கொட்டினாள்.

"பாத்தீங்களா!" என்று சீறினாள் மேலத்தெருப் பேச்சி. "நம்ம கை பட்ட தண்ணியாம், கொட்டித் தள்ளிட்டுத்தான் எடுப்பாளாம்!"

"ஏன்னு அவகிட்ட என்னைக்காவது கேட்டியா, ஆத்தா?" என்றான் கொன்றையன்.

"இதுல கேக்க என்ன இருக்கு?"

"கேட்டாத்தான் மனசு ஒக்கும். மனசு ஒத்தாத்தான் கல்லு வைக்கலாம். ராஜா உத்தரவு!"

பேச்சி வேண்டாவெறுப்பாகக் கேட்டாள். மாளவ்வா தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: "மொதக் கொடம், கெணறு தோண்டினவங்களுக்கு, அக்கா. அவங்க தாகம் தீரணும். எங்க வழக்கம்."

பேச்சி கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். "தோண்டினது எங்கப்பன்டி. மண்ணு சரிஞ்சு உள்ளேயே போய்ட்டாரு. பெத்த மக நான் ஒரு நாளாவது ஊத்தினேனா?" என்று மாளவ்வாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் மாளவ்வா மெல்லக் கேட்டாள். "நாங்க தண்ணி குடிக்க வந்தா மட்டும் ஏங்க்கா வாயை மூடிக்கிறீங்க?"

"அட பைத்தியமே! குடிக்கிறவங்க முன்னால பேசினா பொரையேறும்டி!"

பௌர்ணமியன்று ராஜா பரிவாரத்தோடு வந்தார். கிணற்றைச் சுற்றி, இடுப்பளவுக்கு ஒரு வட்டச் சுவர்! அதைச் சுற்றி நின்று இரு தெருப் பெண்களும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆணையை மீறிவிட்டான், பிரபு!" என்று துள்ளினார் மந்திரி.

"இரு தெருவுக்கும் நடுவில்தானே இருக்கிறது, பிரபு?" என்றான் கொன்றையன். "இரு தெருவாரும் மனமொத்துக் கட்டியதுதான். இதை ஒருவரும் தாண்டவும் மாட்டார்கள். தாண்டினால் கிணற்றுக்குள் அல்லவா விழ வேண்டும்! சந்தேகமென்றால் மந்திரியாரே தாண்டிப் பார்க்கட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையன் கழுத்தில் போட்டார். சிரித்த சிரிப்பில் தாகம் எடுக்க, மாளவ்வா இறைத்த குடத்துக்குக் கை நீட்டினார்.

"பொறுங்க ராசா," என்றாள் பேச்சி. "மொதக் கொடம் எங்கப்பனுக்கு."

ராஜா அந்தக் குடத்தை வாங்கித் தம் கையாலேயே தரையில் ஊற்றிவிட்டு, அடுத்த குடத்துக்குக் காத்து நின்றார். அவர் குடித்து முடிக்கும்வரை இரு தெருவாரும் வாயைத் திறக்கவில்லை.