பாதியில் நின்ற சவரம்

கொன்றையூரை ஆண்ட வேங்கைராயருக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். உடைந்த ஏரிக்கரையை ஐப்பசி மழைக்குள் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கீழே ஐந்து ஊர் மூழ்கும். வேலையை மேற்பார்வைக்காரர் பொன்னய்யனிடம் ஒப்படைத்தவர், வாரம் மூன்று முறை பல்லக்கேறிப் பார்க்கப் போனார்.

ராஜா வருகிறார் என்றால் சும்மாவா? மண் சுமந்தவர்கள் பந்தல் போட்டார்கள், வாழை கட்டினார்கள், மேளக்காரரைத் தேடி ஓடினார்கள். அவர் போனதும் எல்லாவற்றையும் பிரித்தார்கள். கரை முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

ராஜாவுக்குக் கோபம். "இனி தினமும் போகிறேன். அப்படியும் கரை உயராவிட்டால் பொன்னய்யனுக்குச் சிறை."

பொன்னய்யன் அரண்மனை விகடர் மருதப்பரிடம் போய் அழுதேவிட்டார். பாவம், மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

மறுநாள் காலை ராஜா சவரத்துக்கு உட்கார்ந்து கண்ணை மூடினார். நாவிதர் குருந்தன் கத்தியை ஓர் இழுப்பு இழுத்தார். கீழே வைத்தார். எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, வலது கன்னத்தில் ஒரு விரற்கடை முடிந்தது."

"சரி, ஆகட்டும்."

இன்னோர் இழுப்பு, இன்னொரு கும்பிடு. "இரண்டு விரற்கடை முடிந்தது, மகாராஜா."

ஐந்தாவது கும்பிடில் ராஜா பொறுமையிழந்தார். "வெளியே தூதர் காத்திருக்கிறார். யார் சொன்னது இப்படிச் செய்ய?"

"நான்தான்" என்று உள்ளே வந்தார் மருதப்பர். "தாங்கள் போகும்போது ஏரியில் நடப்பதை இங்கே செய்யச் சொன்னேன். பந்தல் மட்டும் போடவில்லை. முகத்தில் இடமில்லை."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "பார்க்காமலே விட்டு, வேலை கோணிப்போனால்?"

"முதலில் சவரம் முடியட்டும், மகாராஜா."

குருந்தன் கத்தியை எடுத்தார். கன்னம் இரண்டும் மளமளவென்று முடிந்தன. ராஜா மூடிய கண்ணைத் திறக்கவில்லை. கத்தி மீசை ஓரம் வந்ததுதான் தாமதம், சட்டென்று கண்ணைத் திறந்து குருந்தனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துப்பா, பார்த்து."

மருதப்பர் மெல்லச் சொன்னார்: "எங்கே கண் திறக்க வேண்டுமென்று தங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே. ஏரிக்கரைக்கு மீசை மதகு. அது வைக்கும் அன்று வாருங்கள். கோணல் தெரிந்தால் அங்கேயே கையைப் பிடியுங்கள். மண் மூடியபின் பிடித்தால், போன மீசை போனதுதான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மருதப்பருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. தினப் பயணம் நின்றதால் சும்மா கிடந்த பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரையும் ராஜா அன்றே ஏரிக்கு மண் சுமக்க அனுப்பினார். கரை மழைக்கு முன்பே எழுந்துவிட்டது. அந்த எட்டுப் பேர் மட்டும் அதற்கப்புறம் மருதப்பரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.