புல்மலைக்கு நடந்த இருவர்

நாணற்குளத்தின் கரையில் ஒரு குதிரையும் ஒரு நாயும் வாழ்ந்துவந்தன. குதிரையின் நெற்றியில் வெள்ளைச் சுழி ஒன்று இருந்ததால் அவளை வெண்சுழி என்று அழைத்தார்கள். நாயின் பெயர் மூக்கன். அவன் எங்கிருந்து வந்தான் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு கோடையில் தண்ணீர் குடிக்க வந்தவன், திரும்பிப் போக ஓர் இடம் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டான்.

வெண்சுழி மாலைதோறும் கிழக்கே பார்த்து நிற்பாள். வானத்தின் அடியில் ஒரு மலை நீலக் கோடாகத் தெரியும். அதுதான் புல்மலை. இரண்டு கோடைகளுக்கு முன் அவளுடைய மகள் ஒரு குதிரைக் கூட்டத்தோடு அங்கே போனாள். வெளிச்சம் குறையக் குறைய மலை மங்கி மறையும். மறைந்த பிறகும் வெண்சுழி சற்று நேரம் அங்கேயே நிற்பாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாரை செய்தி கொண்டுவந்தது. புல்மலையில் காட்டுத்தீ பரவிப் புல்லெல்லாம் வேரோடு கருகிவிட்டது. அங்குள்ள விலங்குகள் மரப்பட்டையைத் தின்று நாளைக் கடத்துகின்றன.

"உங்கள் மகளையும் பார்த்தேன்," என்றது நாரை. "விலா எலும்புகள் தெரிகின்றன. ஐப்பசி மழைக்கு முன் யாராவது புல்விதை கொண்டுபோய்த் தூவினால் அந்த மலை பிழைக்கும். இல்லாவிட்டால் மழை வந்து சாம்பலைத்தான் கழுவும்."

அந்தக் காட்டில் நடைக்கொடை என்று ஒரு வழக்கம் உண்டு. துன்பப்படுகிறவர்களுக்காக யாராவது நெடுந்தூரம் நடந்தால், வழியிலுள்ள ஒவ்வொரு குளத்தாரும் ஒரு பை விதை கொடுப்பார்கள். ஆனால் இருவர் சேர்ந்து நடந்துவர வேண்டும். தனியே வருகிறவருக்குக் கொடை கிடையாது. துணையை வழியில் விட்டு வருகிறவர் விதையையும் வழியில் விட்டுவிடக்கூடும் என்பது அவர்களுடைய எண்ணம்.

வெண்சுழி தான் நடக்கப்போவதாகச் சொல்லி, உடன் வருவது யார் என்று கேட்டாள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மான்களுக்குத் தங்கள் குட்டிகளின் நினைவு திடீரென்று வந்தது. அணில் மட்டும் வாய் திறந்தது. தான் வரத் தயார் என்றும், முதுகில் அவ்வளவு விதை இருக்கும்போது போய்ச் சேர்வதற்குள் பை காலியானால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றும் அது சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும், "நான் வருகிறேன், அக்கா," என்றான் மூக்கன்.

புரட்டாசி முதல் நாள் புறப்படுவது என்று முடிவாயிற்று. குரங்குகள் நாணலைக் கிழித்துப் பைகள் பின்னின. மற்றவர்கள் புல்விதை சேர்த்தார்கள். நடக்கிற இருவரும் காலைதோறும் பயிற்சி செய்தார்கள். குளக்கரையிலிருந்து காய்ந்த ஓடை வரை போவது, ஓடையின் சரளைக்கற்கள்மேல் நெடுந்தூரம் நடப்பது, திரும்பி வருவது. இதுதான் பயிற்சி.

வெண்சுழியின் குளம்புக்குச் சரளையும் மணலும் ஒன்றுதான். அவள் ஒரு முறை கால் வைத்தால் மூக்கன் நான்கு முறை வைக்க வேண்டும். முதல் நாள் அவள் ஓடையின் வளைவு வரை போனாள். மறுநாள் வளைவைத் தாண்டினாள். ஓடையின் முடிவில் ஒரு மேடு இருந்தது. அதில் ஏறினால் புல்மலை ஒரு விரல் அளவு பெரிதாகத் தெரியும். அதைக் கண்டுவிட்ட பிறகு அவளால் பாதியில் திரும்ப முடியவில்லை. காலைதோறும் அந்த மேட்டுக்கு விரைந்தாள். மூக்கன் மிகவும் பின்தங்கி வந்துசேர்வான். அவன் மேட்டில் ஏறுவதற்குள் அவள் இறங்கத் தொடங்கியிருப்பாள்.

மூக்கனின் உள்ளங்கால்கள் மெல்லிய தோலால் ஆனவை. ஐந்தாம் நாளே அவை வெடித்துவிட்டன. அவன் நாணற்புதருக்குள் ஒளிந்து அவற்றை நக்கினான். ஈரச்சேற்றில் புதைத்து வைத்துக்கொண்டான். அணில் அதைப் பார்த்துவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூக்கன் கெஞ்சினான். வாயை அடக்கி அறியாத அணில், அவனுக்காக அடக்கிக்கொண்டது.

ஒரு நாள் வெண்சுழி பொறுமை இழந்தாள்.

"உனக்கு அந்த மலையில் யாரும் இல்லை, தம்பி. அதனால்தான் உன் கால் இப்படி மெதுவாக வருகிறது," என்றாள்.

மறுநாள் முதல் மூக்கன் பின்தங்கவில்லை. அது எப்படி என்று வெண்சுழி யோசித்திருக்க வேண்டும். அவள் யோசிக்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி பிறந்தது. விதைப்பைகளை வெண்சுழியின் முதுகில் ஏற்றிக் கட்டினார்கள். குளத்தார் எல்லோரும் வழியனுப்ப வந்து நின்றார்கள். வெண்சுழி நிமிர்ந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் மூக்கன் நடந்தான். வெள்ளை மணலில் அவர்கள் இருபது அடிகூடப் போயிருக்கமாட்டார்கள். அணிலால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"குதிரையம்மா, உன் துணைவன் வழியெல்லாம் சிவப்புப் பூ வைத்துக்கொண்டு வருகிறான். ஒரு முறையாவது திரும்பிப் பார்!"

வெண்சுழி திரும்பினாள். மணலில் மூக்கனின் ஒவ்வோர் அடியும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"சொன்னால் நின்றுவிடுவீர்கள். நின்றால் உங்கள் மகளைப் பார்ப்பது தள்ளிப்போகும்," என்றான் மூக்கன். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு எங்கேயும் யாரும் இல்லை, அக்கா. வழி முடிகிற இடத்தில் ஒருவர் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களோடு வந்து பார்க்க நினைத்தேன்," என்றான்.

வெண்சுழி அவனைச் சுமந்துகொண்டு போவதாகச் சொன்னாள். சுமந்து போனால் அது நடையாகாது, ஒரு குளத்திலும் விதை கிடைக்காது என்று மூக்கன் நினைவூட்டினான். தனியே போய்க் கேட்டுப் பார்க்கும்படி அவனே அவளை வற்புறுத்தினான். அவள் போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

நண்பகலில் அடுத்த குளத்தை அடைந்தாள். அங்கே புல்மலை நீலக் கோடாக இல்லை. மடிப்பும் முகடும் உள்ள மலையாகவே நின்றது. தீ எரிந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் குளத்துக்கு ஓர் உடும்பு தலைமை. அது அவளுடைய முதுகுப் பைகளைப் பார்த்தது; அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் வழியையும் பார்த்தது.

"துணை எங்கே, அம்மா?"

"கால் புண்ணாகிவிட்டது. விட்டுவிட்டு வந்தேன்."

"புண்ணாகும்போது நீ எங்கே இருந்தாய்?"

வெண்சுழி மலையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். நாணற்குளத்துக்கு வந்து, மூக்கனின் பக்கத்தில் சேற்றில் நின்றாள். தான் சொன்ன சொல்லுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

புண் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதன்பிறகு புதிதாகப் பயிற்சி தொடங்கினார்கள். முதலில் சேற்றில், பிறகு மணலில், கடைசியாகக் கொஞ்சம் சரளையில் நடந்தார்கள். இம்முறை மூக்கன் முன்னால் நடந்தான். அவன் நின்ற இடத்தில் வெண்சுழி நின்றாள். அந்த மேடு வரை அவர்கள் ஒரு நாளும் போகவில்லை. மாலையில் மட்டும் அவள் கிழக்கே பார்த்தாள். மூக்கனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

மாதம் முடியும் தறுவாயில் புறப்பட்டார்கள். உடும்பு இருவரின் கால்களையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒரு பை விதை கொடுத்தது. அடுத்தடுத்த குளத்தாரும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள், முதல் மேகம் திரளும்போது, புல்மலையை அடைந்தார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு முயல் மட்டும் இருந்தது. அதனிடம் வெண்சுழி தன் மகளைப் பற்றிக் கேட்டாள். குதிரைக் கூட்டம் பசி தாங்காமல் தெற்கே போய்விட்டதாகவும், போய் மூன்று நாள் ஆகிறதென்றும் முயல் சொன்னது.

மூன்று நாள். வெண்சுழி பைகளை அவிழ்த்தாள். மழை தொடங்குமுன் மலைச்சரிவெங்கும் இருவரும் விதை தூவினார்கள்.

முயல் மூக்கனிடம், "அந்த அம்மா மகளைத் தேடி வந்தார்கள். நீ யாரைத் தேடி வந்தாய்?" என்று கேட்டது.

"என் அக்காவின் மகளைத்தான்," என்றான் மூக்கன். "புல் முளைத்தால் திரும்பி வருவாள். அதுவரை நாங்கள் இருப்போம்."

மழை பெய்தது. எட்டாம் நாள் கரிய மண்ணில் ஊசி முனைபோல் பச்சை தெரிந்தது. குதிரையும் நாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுவழி போக ஏங்குகிறவர்கள் தம் கால்களை மட்டும் பழக்கினால் போதாது. உடன் வருகிறவரின் கால்களையும் குனிந்து பார்க்க வேண்டும்.