நரி வாலைத் தாழ்த்திய வளைவு

தாமரைக்குளத்துக் காட்டில் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவர்கள் மூன்றே பேர். நரி, முயல், கீரி. நரிதான் தலைவன். நாலு வருடமாக எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் மூவரில் முதலாவதாக வருவது அதுதான். கீரி அணியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேட்டுக்காட்டில் பந்தயம். வெள்ளிக்கிழமையே மூன்றும் புறப்பட்டுப் போய், மலையடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கில் தங்கின. மேட்டுக்காட்டு அணியில் மூன்று வரையாடுகள். மலைப்பாதையிலேயே பிறந்து வளர்ந்தவை. இரண்டு நாள் ஓட்டத்தையும் சேர்த்து யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. வெளிக்காட்டுக்காரர் ஒருவர்கூட இதுவரை அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதில்லை.

சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒட்டினாற்போல் பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். அதனால் முயலும் கீரியும் மாறி மாறி முன்னால் போவது, நரி அவற்றின் மறைவில் வந்து கடைசி ஏற்றத்தில் பாய்ந்து போவது என்று நரி திட்டம் போட்டது. மற்ற இரண்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டன.

சனிக்கிழமை எல்லாம் திட்டப்படியே நடந்தது, கடைசி ஏற்றம் வரைக்கும். அங்கே நரிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கால் அசையவில்லை. வரையாடுகள் மூன்றும் முந்திப் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி, என்னால ஆகல. நீ போ" என்று நரியே கீரியிடம் சொன்னது.

கீரி போனது. சின்ன உடம்பு, எடையே இல்லை. ஒவ்வொரு வரையாடாகத் தாண்டி முதலாவதாக வந்துவிட்டது.

நரி மெல்ல மெல்ல மிதித்து வந்து சேர்ந்தபோது கீரியைச் சுற்றிக் கூட்டம். கழுத்தில் காட்டுமல்லி மாலை. பந்தயத்தை நடத்திய மைனா, எப்படி ஜெயித்தாய் என்று கேட்டது. நரியண்ணன் சொல்லித்தான் போனேன், இல்லாவிட்டால் போயிருக்கவே மாட்டேன் என்று கீரி பதில் சொன்னது. அது நரியின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் மனதில் ஏறவில்லை. கைதட்டல்தான் ஏறியது.

சாயங்காலம் ஒரு மந்தி கூடை நிறைய நாவல்பழத்தோடு பாறைக்கு வந்தது. கீரி குளிக்கப் போயிருந்தது. கீரியின் சைக்கிளில் சேறு தெறித்திருந்ததால் நரி அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. மந்தி நரியை மேலும் கீழும் பார்த்தது.

"கீரிக்குச் சைக்கிள் துடைக்கிற ஆளா நீங்க? இதை அவர்கிட்ட குடுத்துடுங்க."

நரி கூடையை வாங்கி வைத்தது. மந்தி போனதும் துணியை வீசி எறிந்தது. நாலு வருடமாக முன்னால் நின்றவன் நான், ஒரே நாளில் வேலைக்காரனாகிவிட்டேனே என்று பொருமியது. கீரி வந்து, பழத்தை மூன்று பங்காக்கிப் பெரிய பங்கை நரியிடம் நீட்டியது. பசியில்லை என்று நரி திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஞாயிறு காலை திட்டம் மாறியது. கீரி எல்லாரையும்விட முன்னிலையில் இருந்தது. இன்று வரையாடுகளைவிடப் பின்தங்காமல் வந்து சேர்ந்தாலே கோப்பை கிடைத்துவிடும். ஆகவே நரி முன்னால் போய்க் காற்றைத் தாங்கட்டும், கீரி அதன் பின்னால் வரட்டும், நான் கடைசியில் வருகிறேன் என்றது முயல். நரி தலையை மட்டும் ஆட்டியது.

மலையுச்சி வரை நரி ஒழுங்காகவே ஓட்டியது. வரையாடுகள் கொஞ்சம் பின்தங்கியிருந்தன. உச்சியைத் தாண்டியதும் இறக்கம். இறக்கத்தில் முன்னால் போகிறவருக்கு ஒரு கடமை உண்டு. பாதையில் பள்ளமோ கல்லோ கண்டால் வாலைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒட்டி வருகிறவருக்கு முன்னாலிருப்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஒரு வளைவில் ஊற்றுநீர் பாதையின் குறுக்கே ஓடியது. பாசி படிந்து பச்சையாக மின்னியது. நரி பார்த்துவிட்டது. வால் பழக்கத்தில் தானாக எழப் பார்த்தது. அதற்குள் கீரியின் கழுத்தில் கிடந்த மாலை நினைவுக்கு வந்தது. மந்தி நினைவுக்கு வந்தது. நரி வாலைத் தாழ்த்திக்கொண்டு, பாசியில்லாத ஓரமாக நழுவிப் போனது.

பின்னால் தடாலென்று சத்தம் கேட்டது.

நரி திரும்பிப் பார்க்காமல் மிதித்தது. கொஞ்ச தூரத்துக்கு நெஞ்சு லேசாகக்கூட இருந்தது. சமதரைக்கு வந்ததும் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் போய்க் காற்றைத் தாங்க வேறு ஆளில்லை. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகர மறுத்தது. வரையாடுகள் மூன்றும் மாறி மாறி முன்னால் வந்து, சிரமமில்லாமல் நரியைக் கடந்து போயின. நரி நாலாவதாக வந்தது. கோப்பை மேட்டுக்காட்டிலேயே தங்கிவிட்டது.

வெகுநேரம் கழித்துக் கீரியும் முயலும் நடந்து வந்தன. கீரியின் தோள் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அதன் சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்திருந்தது. முயல் தன் பந்தயத்தை விட்டுவிட்டு, இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தது. வந்ததும் கீரி நரியைத் தேடி ஓடி வந்தது.

"அண்ணே, அந்தப் பாசியில நீங்களும் வழுக்கியிருப்பீங்களோன்னு பயந்துட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கீரி நாலு அடி அடித்திருந்தால்கூட நரி தாங்கியிருக்கும். நடந்தது யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை. ஆனால் நரியால் முடியவில்லை.

"பாசியை நான் பார்த்தேன் தம்பி. வேணும்னேதான் வாலைத் தூக்கல. உனக்கு மாலை போட்டது எனக்குப் பொறுக்கல."

முயல் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீரி மெதுவாகச் சொன்னது:

"நேத்து ஜெயிச்சதும் கூட்டத்துல நான் உங்களைத்தான் அண்ணே தேடினேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அது எதுவும் கேட்கவில்லை. ஊர் திரும்பும்போது நரி தன் கேரியரில் ஏறிக்கொள்ளச் சொன்னது. கீரி முயலின் கேரியரில் ஏறிக்கொண்டது. நெளிந்த சைக்கிளை நரி தன் முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு வந்தது.

கீரியின் தோள் ஆற ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் நரி தினமும் போய்ப் பார்த்தது. பின்பு மூன்றும் மறுபடி சேர்ந்து ஓட்டத் தொடங்கின. கீரி பழையபடி 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டது. சிரித்துப் பேசியது. பழம் கிடைத்தால் பங்கும் கொடுத்தது. ஆனால் இறக்கம் வந்தால் மட்டும், நரியின் பின்னாலிருந்து விலகி, தனியாக ஒரு ஓரமாகப் பாதையைத் தானே பார்த்துக்கொண்டு இறங்கியது. நரியும் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பொறாமைப்பட்டுக் கூட்டாளியைக் கவிழ்த்தவருக்கு மன்னிப்புக் கிடைக்கலாம், பழைய நம்பிக்கை கிடைக்காது.