ஆவுடையப்பன் சாரின் ராஜினாமா

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நாலு. சீடருக்குக் கண் நன்றாகத் தெரியும். குருவுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியாது. இப்படி ஒரு ஜோடியை எந்த மடத்திலும் பார்க்க முடியாது. தென்காசிச் சாலையில் காற்றாடிகள் சுற்றும் பொட்டலைத் தாண்டிப் போனால் ஒரு விடுதிப் பள்ளி வரும். அங்கே பார்க்கலாம்.

பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. குணசீலி டீச்சர் அங்கேயே படித்து, அங்கேயே தலைமையாசிரியை ஆனவர். ஆவுடையப்பன் சார் இருபத்தாறு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கணக்கு நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜனவரி மாதம் அங்கே வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே சொல்லிவிட்டார்: "எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது டீச்சர். பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கதுக்கு முன்னாடி எனக்கு நீங்க சொல்லிக் குடுங்க."

குணசீலி டீச்சருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. முதல் வாரம் டீச்சர் சாரின் வகுப்பில் அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஒரு பிள்ளை விடை தெரியாமல் திணறும்போது சார் வாயைத் திறந்தால், முழங்கையில் லேசாக ஒரு இடி விழும். சும்மா இருங்கள் என்று அர்த்தம். நாலு நாளில் சார் சும்மா இருக்கப் பழகிவிட்டார். இருபத்தாறு வருட வாத்தியாருக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கோடை விடுமுறை வந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். சாருக்கு வீட்டில் காத்திருக்க யாருமில்லை, பள்ளியிலேயே தங்கிக்கொண்டார். சும்மா இருக்கப் பழகியவர் அந்த ஒரு மாதம் சும்மா இருந்திருக்கலாம். புத்தக அறைக்குள் போனார்.

புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புத்தகங்கள் தலையணை தண்டியில் இருக்கும். ஒரு வகுப்பின் ஒரு பாடமே நாலு பாகம் வரும். அவை அறை முழுக்கத் தளரத் தளர நின்றுகொண்டிருந்தன. சார் ஒழுங்கான மனிதர். பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தூசி தட்டினார். வகுப்பு வாரியாகப் படுக்கவைத்து அடுக்கினார். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். காற்றுக்கு அட்டை தூக்காமல் இருக்க மேலே ஒரு பலகை, பலகைக்கு மேல் ஓடாத தையல் மெஷின் ஒன்று. பாதி அறை காலியானது. அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள் காலை ஏழு மணிக்குக் குணசீலி டீச்சர் புத்தக அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார், பேசினா எதிரொலிக்குது?"

"அடுக்கி வெச்சிருக்கேன் டீச்சர். வந்து பாருங்க, எவ்வளவு இடம்."

டீச்சர் கை நீட்டித் தொட்டுப் பார்த்தார். கை அடுக்கின் மேலே ஏறியது. தையல் மெஷினில் போய் நின்றது.

"படுக்க வெச்சிருக்கீங்களா?"

"ஆமா டீச்சர்."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் ஆச்சு."

டீச்சர் மெஷினை இறக்கி, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அடியில் இருந்தது மூன்றாம் வகுப்புத் தமிழ். அதை உருவி எடுத்து, திறந்து, விரலை ஓட்டினார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். சார் பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்த முகமாகவே நின்றுகொண்டிருந்தார்.

"வழவழன்னு இருக்கு சார்."

"இல்லையே டீச்சர், புள்ளியெல்லாம் இருக்கே. எனக்குத் தெரியுதே."

அவர் சொன்னதும் பொய்யில்லை. பிரெயில் எழுத்தை அவர் மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டார், ஆனால் கண்ணால். வெளிச்சம் சாய்வாக விழும்படி தாளைப் பிடித்துக்கொண்டு, புள்ளிகளின் நிழலைப் பார்த்து வாசிப்பார். நசுங்கிய புள்ளிக்கும் தடம் இருக்கும். கண்ணுக்கு அது போதும். விரலுக்குப் போதாது. அவர் செய்து வைத்திருந்தது அப்பளக் கட்டின் மேல் அம்மியைத் தூக்கி வைத்த காரியம்.

அது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் டீச்சர் அடுக்கில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து தடவிப் பார்த்துவிட்டார்.

"மூணாம் வகுப்பு மொத்தமும் போச்சா?"

"மேல இருந்ததெல்லாம் தப்பிச்சிருக்கு. அடியில இருந்த பதினொண்ணு போச்சு." டீச்சர் கையிலிருந்த புத்தகத்தின் ஓரத்தைத் தடவினார். "இது நான் பத்தாவது படிக்கைல கையால புள்ளி குத்தி எழுதினது."

டீச்சருக்கு வலித்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. புத்தகத்தை மூடி, நிமிர்த்தி, அலமாரியில் நிற்கவைத்தார்.

"புதுசு வராதா டீச்சர்?"

"கேட்டு எழுதினா காலாண்டுப் பரீட்சைக்கு வரும். அதுவரைக்கும் பெரிய பிள்ளைங்க உக்காந்து புதுசா குத்திக் குடுக்கணும். அச்சுப் புத்தகத்தப் பாத்து யாராவது வாசிச்சாதான் அவங்களால எழுத முடியும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் சார் அலுவலக அறைக்கு வந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். டீச்சர் அதைப் பிரித்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் எழுதலையே சார்."

சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேனாவால எழுதிட்டேன் டீச்சர். ராஜினாமா. பிள்ளைங்க வரதுக்குள்ள கிளம்பிருதேன். அவங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"அப்ப வாசிங்க, கேக்கேன்."

சார் தாளை வாங்கி வாசிக்கப் பார்த்தார். 'மதிப்பிற்குரிய' என்பதோடு தாளை மடித்துவிட்டார்.

"முடியலல்ல? எனக்கு வாசிக்க வர மாதிரி எழுதிக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

"புத்தகத்துக்கு வாசிக்க வேற ஆள் இருக்காங்களா டீச்சர்?"

"மத்த டீச்சருங்களும் என்ன மாதிரிதான். சமையல் ஞானப்பழம் அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியும். எழுத்துக் கூட்டி வாசிப்பாரு. தீபாவளிக்குள்ள ரெண்டு பாடம் முடிச்சிருவாரு."

சார் பிரெயில் ஸ்லேட்டையும் குத்துகிற ஊசியையும் எடுத்துக்கொண்டு புத்தக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெட்டிகள் இழுபட்டன. அம்மாக்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்தப் பள்ளியில் முதல் நாள் பாடம் கிடையாது. பழைய பிள்ளைகள் பள்ளியில் வேலை பார்ப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், போன வருடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. எதற்கு என்று சொல்ல வேண்டும்.

கதவுக்கு வெளியே சமையற்கட்டுப் பக்கம் குரல்கள் கேட்டன.

"அண்ணாச்சி, எனக்கு அம்மை போட்டிருந்தப்போ கஞ்சிய ஆத்தி ஆத்திக் குடுத்தீங்க. அதுக்கு நன்றி."

"அண்ணாச்சி, நான் தட்டை ஒடைச்சத யாருட்டயும் சொல்லல. அதுக்கு."

"இப்ப நீயே சொல்லிட்டியே மக்கா" என்றார் ஞானப்பழம். சிரிப்பு எழுந்தது.

சார் மூச்சுச் சத்தம் கூட வராமல் உட்கார்ந்திருந்தார். தாளில் இன்னும் ஒரு புள்ளி விழவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளிடமிருந்து ஒளிந்துகொள்வது சுலபம் என்று நினைப்பவர்கள் அவர்களோடு இருந்து பார்க்க வேண்டும். கதவு திறந்தது.

"சார், மூக்குப்பொடி வாசம் வருது. இங்கதான் இருக்கீங்க."

முப்பிடாதி. எட்டு வயது. இந்த வருடம் மூன்றாம் வகுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அவர் சட்டைக் கையைக் கண்டுபிடித்தாள்.

"சார், பதினேழுல ஒம்பது போனா எவ்வளவுன்னு கேட்டீங்கல்ல. நான் யோசிச்சிட்டே இருந்தேன். நீங்க பேசவே இல்ல. பெல் அடிச்சப்புறமும் இருந்தீங்க. எட்டுன்னு நானே சொன்னேன். அதுக்கு நன்றி சார்."

சாருக்கு அது நினைவில்லை. அவர் நினைவில் இல்லாத ஒன்றைப் பிள்ளை கோடை முழுக்க வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கூசியது.

"எனக்கு நன்றி சொல்லாத பிள்ள. உன் தமிழ்ப் புத்தகத்த நான் கெடுத்துட்டேன். பாரம் வெச்சு நசுக்கிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

முப்பிடாதி கையை நீட்டினாள். அவர் புத்தகத்தை எடுத்துத் திறந்து அவள் விரலடியில் வைத்தார். அவள் ரொம்ப நேரம் தேடினாள்.

"மழைன்னு ஆரம்பிக்குது சார். அப்புறம் ஒண்ணும் இல்ல."

அவள் உதடு பிதுங்கியது. ரெண்டாம் வகுப்பு வரை இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். மூன்றாவதில்தான் ஆளுக்கு ஒன்று. விடுமுறை முழுக்க அதைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

"மறுபடி எழுத முடியாதா சார்?"

"முடியும். எட்டாம் வகுப்பு அக்காங்க எழுதுவாங்க."

"யாரு வாசிப்பா?"

சார் புத்தகத்தை வாங்கி மூடினார். முப்பிடாதி அவர் சட்டைக் கையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்போதும் நின்றாள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் போனாள்.

சார் ஊசியைக் கையில் எடுத்தார். 'மதிப்பிற்குரிய' என்றுதான் ஆரம்பிப்பதாக இருந்தார். கை வேறு ஒன்றைக் குத்தியது. தாளின் பின்பக்கத்தில் குத்த வேண்டும் என்பதால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், எழுத்தைத் திருப்பித் திருப்பி, தப்பிப்போன தாள்கள் ஆறு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. முடித்தபோது மூன்றே வரி. நன்றி டீச்சர். பிள்ளைகளின் புத்தகத்தைக் கெடுத்துவிட்டேன். இன்றோடு என்னை விடுவித்துவிடுங்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அதைக் கொண்டுபோனார். மைதானத்தில் பிள்ளைகள் உள்ளே சலங்கை வைத்த பந்தைச் சத்தம் கேட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தாளை வாங்கினார். விரலை அதன் மேல் வைக்கவில்லை. மேஜையில் சார் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்க வாசிங்க."

"டீச்சர், நான் எழுதினதுதான."

"விரலால."

"எனக்கு விரலால வராது."

"எனக்கு அது இன்னைக்குக் காலைலதான் தெரியும். அஞ்சு மாசமா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். ஒரு எழுத்துகூட விரலால படிக்காம நீங்க போனீங்கன்னா அது எனக்குத்தான் கேவலம். இத வாசிச்சு முடிங்க. முடிச்ச ஒடனே கையெழுத்துப் போட்டுத் தந்துருதேன்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் தன் உள்ளங்கையை அவர் புறங்கையின் மேல் வைத்தார்.

"ஞாபகத்துல இருந்து சொல்லாதீங்க. விரல் சொல்லுதத மட்டும் சொல்லுங்க."

முதலில் ஒன்றுமில்லை. தாளில் ரவையைக் கொட்டி வைத்தது போல ஒரு சொரசொரப்பு, அவ்வளவுதான். சார் விரலை அழுத்தினார்.

"அழுத்தாதீங்க. சும்மா வைங்க."

நேரம் போனது. சலங்கைச் சத்தம் நின்று, பிள்ளைகள் கை கால் கழுவும் சத்தம் கேட்டது. டீச்சர் ஒரே இழுப்பில் படித்துவிடக்கூடிய தாள் அது. ஒரு எழுத்தும் எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சாரின் விரல் போய்ப் போய்த் திரும்பியது. எங்கேயோ ஒரு புள்ளி தனியாக நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் ஒன்று இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது.

"ந" என்றார்.

விரல் கொஞ்சம் நகர்ந்தது.

"ன்."

வெகு நேரம் கழித்து, "றி" என்றார்.

மூன்றும் சேர்ந்து என்ன சொல் என்று தெரிந்தபோது சாருக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வராமல் அடைத்துக்கொண்டிருந்த அழுகை. அவர் கண்ணைத் துடைக்கவில்லை; விரலை எடுத்தால் இடம் தவறிவிடும்.

"நன்றின்னு இருக்கு டீச்சர்."

"ம். அடுத்து?"

அடுத்து என்ன இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். கடைசி வரி வரைக்கும் மனப்பாடம். விரலை நகர்த்திப் பார்த்தார். மறுபடி ஆரம்பத்துக்குப் போய் நகர்த்திப் பார்த்தார். மறுபடியும் அந்த ரவைதான்.

"வரல டீச்சர்."

"அப்ப, அது வர வரைக்கும் இருங்க சார்" என்றார் குணசீலி டீச்சர்.