தளபதி எறிந்த எலுமிச்சம்பழம்

கோவேந்தபுரிக்கு ராஜாவும் உண்டு, விமானப்படையும் உண்டு. போர் விமானங்கள் மொத்தம் ஆறு. பறப்பவை நான்கு. மற்ற இரண்டும் ராஜாவின் பிறந்தநாளன்று வர்ணம் பூசிக்கொண்டு நிற்கும்.

அன்று சபையில் விமானி தமயந்தி கைகட்டி நின்றாள். ராஜா பராங்குசரிடம் தளபதி ரணசூரர் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

"அரசே, நமது புது ஏவுகணை இருநூறு கிலோமீட்டர் பாயும். விற்றவன் சத்தியம் செய்தான். நேற்று எதிரி விமானம் எல்லை தாண்டியது. இவள் நூற்றைம்பதிலேயே ஏவினாள். ஏவுகணை கடலில் விழுந்தது. இவளுடைய சிறகுப் பதக்கத்தைப் பறியுங்கள். இனி விமானத்தைத் தொடக் கூடாது."

"அவன் திரும்பி ஓடிவிட்டான், அரசே," என்றாள் தமயந்தி.

"பின்னே, நின்று உனக்கு மாலையா போடுவான்?" என்றார் தளபதி.

ராஜா அமைச்சர் சாத்தப்பரைப் பார்த்தார். சாத்தப்பருக்குக் கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. அவர் கண்ணோ, காலையில் தளபதி மரியாதைக்காக ராஜாவிடம் கொடுத்த மூன்று எலுமிச்சம்பழங்கள் மேல் இருந்தது.

மூன்றையும் எடுத்துத் தளபதி கையில் கொடுத்தார். "தளபதி, இந்தப் பழத்தை எவ்வளவு தூரம் எறிவீர்கள்?"

"அதோ, அந்தக் கடைசித் தூண் வரைக்கும்."

சாத்தப்பர் தூணைத் தாண்டி இரண்டடி தள்ளி நின்றார். "என்னை அடியுங்கள்."

"எட்டாதய்யா!"

"எறியுங்கள், பார்ப்போம்."

தளபதி எறிந்தார். சாத்தப்பர் பழத்தை நோக்கி நாலடி ஓடிவந்தார். அது அவர் தொப்பையில் பட்டுத் தெறித்தது.

"அடடா! தூணுக்கு அப்பால் நின்றவனை அடித்துவிட்டீர்களே!"

தளபதி மீசையை முறுக்கினார்.

"விற்றவன் அளந்த இருநூறும் இப்படித்தான், அரசே. எதிரி எதிரே வந்துகொண்டிருக்க வேண்டும்," என்றார் சாத்தப்பர். பிறகு தூணுக்கு இந்தப் பக்கம் இரண்டடி தள்ளி நின்றார். "இப்போது கிட்டத்தில்தான் நிற்கிறேன். எறியுங்கள்."

தளபதி எறிந்தார். சாத்தப்பர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூணுக்கு அப்பால் இருந்த வாசலைப் பார்த்து ஓடினார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ! பழம் அவருக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது.

"ஓடினால் எப்படி அடிப்பது? நில்லுமய்யா!" என்று கத்தினார் தளபதி.

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள் தமயந்தி. "துரத்தத் துரத்த ஏவுகணையின் எரிபொருள் தீர்ந்துவிடும், அரசே. அப்புறம் வேகம் ஏது?"

ராஜா தாடையைச் சொறிந்தார். "சரி, இவள் மேல் குற்றமில்லை. ஆனாலும் ஏவுகணை வீண்தானே, சாத்தப்பரே? எங்கே அவர்?"

அரண்மனை வாசலுக்கு வெளியிலிருந்து மூச்சிரைக்கும் குரல் வந்தது. "அரசே, தமயந்திக்குத் தாங்கள் இட்ட உத்தரவு என்ன?"

"எதிரி விமானம் நம் வானத்தில் இருக்கக் கூடாது என்றேன்."

"பழம் என் மேல் படவில்லை. நான் இப்போது சபையில் இருக்கிறேனா?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமயந்தியின் பதக்கம் அவளிடமே இருக்கட்டும் என்றார்; கூடவே தன் முத்துமாலையையும் கழற்றி அவளுக்குக் கொடுத்தார்.

"சாத்தப்பரே, உமக்கும் பரிசு உண்டு. உள்ளே வாரும்!"

கதவோரம் பாதித் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"வருகிறேன், அரசே. தளபதி கையில் இன்னும் ஒரு பழம் இருக்கிறது. முதலில் அதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்."