அல்லிச் சட்டிக்குக் கீழே

சட்டியைச் சாய்த்து அடியிலிருந்த செங்கல்லை உருவப்போன கையை அம்பலவாணன் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அது குருவின் கை என்பது உறைத்தது. விட்டுவிட்டார்.

"பிடிச்சதுதான் பிடிச்சீங்க, சட்டியைப் பிடிங்க ஐயா," என்றார் குரு திலகவதி. சீடரைவிட வயதில் இளையவர்.

சட்டியில் இருந்தது அல்லி. அம்பலவாணனின் மனைவி கோமளம் வீட்டுத் தொட்டியில் வளர்த்தது. அவள் இறந்த பின் மடத்துக்கு வந்தவர், அதன் கிழங்கையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வந்த அன்றே சட்டியில் நட்டு, தோட்டத்துக் குளத்தின் அடியில் வைத்தார். தளிர்கள் வெளிச்சத்தை எட்டாமல் அழுகின. குருதான் கீழே செங்கற்களை அடுக்கிச் சட்டியை உயர்த்தினார். ஓர் இலை நீர்மேல் விரிந்தது. அம்பலவாணன் தியானத்துக்கும் அதன் எதிரிலேயே உட்காரத் தொடங்கினார்.

கோடையில் மேல்நீர் சுட்டது. இலையின் ஓரம் கருகியது. சட்டியை இறக்குங்கள் என்று குரு சொல்லியிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார்.

குரு செங்கல்லை உருவினார். இலை நீருக்குள் போயிற்று.

"இருந்தது அது ஒண்ணுதாம்மா," என்றார் அம்பலவாணன்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. செங்கல்லைத் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். அது இப்போது சமையற்கட்டில் அடுப்புக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது, உங்களுக்குச் சோறு வேண்டுமா செங்கல் வேண்டுமா என்று பதில் வந்தது.

சில நாட்களில் இலை மேலே வந்து நீரில் படுத்தது. பக்கத்தில் சுருள் பிரியாத இன்னொன்று.

அம்பலவாணன் போய்க் குருவை அழைத்துவந்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அப்போதுதான், வந்த நாளிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"காபிக்குப் போனா இப்பவும் அவளுக்கும் சேர்த்து ரெண்டு டம்ளர் எடுக்கறேம்மா. இது எப்பக் குறையும்?"

குரு நீருக்குள் கையைவிட்டு, இலையின் காம்பை விரல்களால் தடவிக்கொண்டே அடிவரை போனார். தோள்வரை நனைந்தது.

"இலை மேல வர்றதுக்கு நீங்க தண்ணியை இறைச்சீங்களா?"

"இல்லை."

"குளம் அதே ஆழந்தான். காம்புதான் நீண்டிருக்கு."

அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். ஒரு கையால் சட்டியைச் சாய்த்து, அடுத்த செங்கல்லை உருவினார்.