போனுக்கு வந்த தண்ணீர்

அன்றைக்கு இ-சேவை மையத்தில் இருந்தவர்கள்: கீழமடையூர் குப்பாண்டி, அவன் மச்சான் ஒச்சப்பன், பங்காளி சென்னிமலை, கம்ப்யூட்டர் பார்க்கும் மேகலை. ஆக நாலு பேர். ஒச்சப்பனின் ஆடும் வந்திருந்தது. குப்பாண்டி அதை எண்ணவில்லை.

குப்பாண்டியின் நாற்றுக்கு வயது இருபத்தாறு நாள். ஒரு வாரத்துக்குள் அணையைத் திறக்காவிட்டால் அது மாட்டுக்குத்தான். திறக்கும் தேதியைக் கேட்க அவன் தினமும் பதினொரு கிலோமீட்டர் நடந்து பாசன அலுவலகம் போய்க்கொண்டிருந்தான்.

“ஏண்ணே அலையிறீங்க? அவங்க வலைத்தளத்துலயே ஆர்எஸ்எஸ் ஃபீட் இருக்கே,” என்றாள் மேகலை.

“நமக்கு எதுக்கு தாயி இயக்கமெல்லாம்?”

“அது வேறண்ணே. இது சேதி அனுப்புற வசதி. சேர்ந்துட்டா, புதுசா எது வந்தாலும் தானா உங்க போனுக்கு வந்துடும். நீங்க தேடிப் போக வேணாம். அப்படியே போன்ல தேடினாலும், தெரியாத முகவரி வந்தா யாரோடதுன்னு விசாரிக்காம உள்ள போயிடாதீங்க.”

குப்பாண்டியின் போனில் அவளே எல்லாம் செய்து கொடுத்தாள்.

பாதி வழியில் குப்பாண்டி நின்றுவிட்டான். “மச்சான், தண்ணி புதுசா வந்தா போனுக்குத்தான வரும்?”

“ஆமா. அதான் அந்தப் புள்ள சொல்லிச்சே.”

“போன் என் சட்டைப் பையில இருக்கே!”

மூவரும் பையைப் பார்த்தார்கள். வருவது அணைத் தண்ணீர். பையோ நாலு விரல் அகலம்.

அன்றே போனை வயலின் நடுவில் ஒரு குச்சியில் கட்டினார்கள். தண்ணீர் வழி தெரியாமல் திகைக்கக் கூடாதென்று வாய்க்கால் கரையையும் வெட்டிவிட்டார்கள்.

மூன்று நாளாகியும் ஒரு சொட்டு வரவில்லை. சென்னிமலை தன் போனை எடுத்து, “அணை எப்பத் திறப்பாக?” என்று அதனிடம் கேட்டார். முதலில் வந்த முகவரியில் சாய்ந்த கோடு ஆறு, புள்ளி நாலு, எண்கள் பதினொன்று. குப்பாண்டி இரண்டு முறை எண்ணினான். தெரிந்தவர் முகவரியாக இல்லை. தாளில் எழுதிக்கொண்டு தபால்காரர் ஆரோக்கியத்திடம் விசாரிக்கப் போனார்கள்.

“தெரு இல்ல, கதவு எண் இல்ல, பின்கோடும் இல்ல,” என்றார் ஆரோக்கியம். “இப்படி ஒரு வீடே கிடையாதுப்பா.”

“நல்லவேளை விசாரிச்சோம்,” என்றார் சென்னிமலை. “வீடே இல்லாத இடத்துல உள்ள போயிட்டா, வெளிய எப்படி வர்றது?”

ஐந்தாம் நாள் காலை, குச்சியில் இருந்த போன் ‘டிங்’ என்றது. குப்பாண்டி ஓடிப் போய்ப் படித்தான்: ‘இன்று காலை ஆறு மணிக்கு அணை திறக்கப்பட்டது.’

“தண்ணியக் காணோம், கடுதாசிதான் வந்திருக்கு!” என்று அழாத குறையாகச் சொன்னான்.

“பொறு தம்பி. மாப்பிள்ளைக்கு முன்னால மேளம் வராதா?” என்றார் சென்னிமலை.

உச்சிப்பொழுதில் தண்ணீர் வந்தது. வெட்டிவிட்ட கரை வழியாக நுழைந்து, நேராகக் குச்சியிடம் போய், ஏறத் தொடங்கியது. குப்பாண்டி போனை எடுக்கப் பாய்ந்தான். ஒச்சப்பன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“எடுக்காத மாப்ள! எடுத்தா தண்ணி உன் பின்னாலயே வீட்டுக்கு வந்துரும்!”

போன் முழுகியது. ஏழு குமிழி விட்டது. நாற்று பிழைத்தது. குப்பாண்டி ஈர வரப்பில் விழுந்து கும்பிட்டான்.

“மாப்ள,” என்றான் ஒச்சப்பன், “உரத்துக்கும் ஒரு ஃபீட் இல்லாமயா போகும்?”

“களையெடுக்குற ஆளுக்கும் இருக்கும்,” என்றார் சென்னிமலை.

சேதி பரவியது. ஊரில் மீதமிருந்த போன் பதினாலு. பொழுது சாய்வதற்குள் ஆளாளுக்குத் தங்கள் வயலில், தலை மட்டும் வெளியே தெரிய, பன்னிரண்டை நட்டுவிட்டார்கள். மற்றவற்றில் சார்ஜ் இல்லை. முளைக்காது என்று ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் இரண்டு.